அன்னா மான்யானி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இத்தாலியப் படங்களைச் சேர்ந்து பார்க்கும் சிறு கூட்டம் எங்களுடையது. அன்னா மான்யானி நடித்த படம் ஓடினால், விளக்குப் போட்டதும் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் வாய்வழியாகச் சொல்லிக் கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். இவற்றில் பாதிக்குள் ஒரே எண்ணம் ஒளிந்திருக்கிறது: இந்த அம்மா நடிக்கவே இல்லை, கேமரா முன்னால் அப்படியே இருந்துவிட்டுப் போய்விட்டார் என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதில்களில் அது தெரியும்.

இவங்க யாரு? சுருக்கமா சொல்லுங்க.

இத்தாலிய நடிகை. 1908 மார்ச் 7 அன்று பிறந்து, 1973 செப்டம்பர் 26 அன்று ரோம் நகரில் காலமானார். முதலில் நாடக மேடை, பிறகு பாட்டும் நகைச்சுவையும் கலந்த வெரைட்டி மேடை, அதன்பிறகே சினிமா. ரொபெர்த்தோ ரொசெல்லினி இயக்கிய 'ரோம், ஓப்பன் சிட்டி' 1945இல் வந்தபோது உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 'தி ரோஸ் டாட்டூ' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் வென்ற முதல் இத்தாலியப் பெண் அவர்தான். ரோம் மக்கள் அவரை 'நன்னரெல்லா' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

விஸ்கோந்தி, ரெனுவார், பசோலினி, சிட்னி லூமெட், ஃபெலினி என்று அவரை வைத்துப் படம் எடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தாலே அவருடைய இடம் புரியும்.

ஒரு இடத்துல எகிப்துல பிறந்தவங்கன்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல ரோம்னு போட்டிருக்கு. எது சரி?

அவர் சொன்னது ரோம். போர்த்தா பியா பகுதியில் பிறந்ததாகவே சொல்லி வந்தார். எகிப்துக் கதை கிளம்பியதற்குக் காரணம் அவருடைய அம்மா மரீனா. மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போய் அங்கே குடும்பம் அமைத்துக்கொண்டவர். இயக்குநர் ஃபிராங்கோ ஸெஃபிரெல்லி தம் சுயசரிதையில் அன்னா பிறந்ததே அலெக்சாந்திரியாவில்தான் என்று எழுதிவிட்டார். அந்த வரி அப்படியே ஊர் சுற்றுகிறது.

அப்பா யாரென்று தெரியாமல் வளர்ந்த பிள்ளை அவர். அம்மாவின் குடும்பப் பெயரைத்தான் கடைசிவரை வைத்திருந்தார். பாட்டியும் சித்திமாரும் இருந்த பெண்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தார். அந்த வீட்டில் பசி பட்டினி இருந்ததில்லை. பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பிரெஞ்சு மொழியும் பியானோவும் கற்றார். 'சேரியில் பிறந்து சினிமாவுக்கு வந்தவர்' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பள்ளியை மறந்துவிடுகிறார்கள்.

முறையா நடிப்பு படிச்சாங்களா, இல்ல தெருவில பார்த்துப் பிடிச்சிட்டு வந்தாங்களா?

படித்தார். ரோமில் எலெயொனோரா தூசே பெயரிலிருந்த நாடகப் பள்ளியில் சேர்ந்து, 1920களின் கடைசியிலேயே தொழில்முறைக் குழுக்களோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கிவிட்டார். சின்ன வேடங்கள்தான், தட்டு ஏந்தி வந்து இரண்டு வரி பேசிப் போகிற வேலைக்காரி மாதிரி.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நியோரியலிசம் என்ற பெயர். போர் முடிந்த காலத்தில் சாதாரண மக்களின் வாழ்க்கையை நிஜத் தெருக்களில் எடுத்த இத்தாலியப் படங்களுக்கு வைத்த பெயர் அது. இயக்குநர் டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தில் நடிகரல்லாதவர்களை வைத்து எடுத்ததைப் படித்தவர்கள், அந்தக் காலத்து இத்தாலிய முகங்கள் எல்லாமே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 'ரோம், ஓப்பன் சிட்டி'யின் இரண்டு முக்கிய முகங்களான மான்யானியும் பாதிரியாராக வரும் ஆல்தோ ஃபப்ரீத்ஸியும் வெரைட்டி மேடையில் ஊறியவர்கள். சிரிக்க வைத்துச் சம்பாதித்தவர்கள்.

அந்தப் படம் வர்றப்போ 37 வயசுன்னா, அதுவரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?

ரோம் நகரத்து இரவு விடுதிகளில் பாடினார். ரோம் வட்டார வழக்கில் கேலியும் கிண்டலுமாகப் பாடுவதில் பெயரெடுத்தார். 1940 முதல் 1944 வரை, இத்தாலியின் மிகப் பெரிய நகைச்சுவை நடிகரான தோத்தோவோடு சேர்ந்து மேடை நிகழ்ச்சிகள் நடத்தினார். போர்க்காலம், ஊரடங்கு, கடைசியில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் அரங்கு நிறைந்தது. தோத்தோ எந்த நொடியில் எழுதியதை விட்டு எங்கே தாவுவார் என்று தெரியாது. எதிரே நிற்பவர் அதை அந்தரத்திலேயே பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். பிற்காலப் படங்களில் 'எவ்வளவு இயல்பு!' என்று நாம் வியக்கும் அந்த வேகம் அங்கே பழகியது.

சினிமாவும் நடந்துகொண்டுதான் இருந்தது, மெதுவாக. 1934இல் முதல் கணிசமான வேடம். 1935இல் இயக்குநர் கொஃப்ரேதோ அலெஸ்ஸாந்திரினியைத் திருமணம் செய்தார், சில ஆண்டுகளில் பிரிந்தார்கள். கணவர் பெரிய இயக்குநராக இருந்தும் அவருக்கு நாயகி வேடங்கள் குவியவில்லை. அன்றைய இத்தாலிய சினிமா வெள்ளை டெலிபோன் வைத்த மாளிகைகளில், அழகாகச் சுருட்டிய முடியோடு நடமாடும் பெண்களைத்தான் தேடியது. 1941இல் டி சிகா தம் 'தெரேசா வெனெர்தி' படத்தில் ஒரு வெரைட்டிப் பாடகி வேடம் கொடுத்தார். சின்ன வேடம். ஆனால் அதில் அவர் சலிப்போடு ஒத்திகை பார்க்கும் இடத்துக்காகவே அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

1943இல் விஸ்கோந்தியின் முதல் படமான 'ஒஸ்ஸெஸ்ஸியோனே'வில் நாயகியாகியிருக்க வேண்டியவர் அவர்தான். கருவுற்றிருந்ததால் அந்த வேடம் கிளாரா கலமாய்க்குப் போனது.

'ரோம், ஓப்பன் சிட்டி'ல பாதியிலேயே செத்துப் போறாங்களே, அப்புறம் ஏன் அதை அவங்க படம்னு சொல்றீங்க?

பாதியில் செத்துப் போவதால்தான். பீனா என்ற அந்தப் பெண் கைம்பெண், ஒரு மகனுக்குத் தாய், மறுபடி கருவுற்றிருக்கிறாள். மறுநாள் கல்யாணம். அதுவரை அவளோடு சேர்ந்துதான் நாம் படத்துக்குள் நடந்திருக்கிறோம். ரொட்டிக் கடையில் பெண்கள் புகுந்து எடுத்துக்கொண்ட களேபரம், அக்கம்பக்கத்துப் பேச்சு, மாடிப்படியில் உட்கார்ந்து வருங்காலக் கணவனோடு களைப்பாகப் பேசும் இரவு. கல்யாணக் காலையில் ஜெர்மானியர்கள் அந்தக் குடியிருப்பைச் சுற்றி வளைக்கிறார்கள். மாப்பிள்ளை பிரான்செஸ்கோவை லாரியில் ஏற்றுகிறார்கள். பீனா காவலரைத் தள்ளிவிட்டு, அவன் பெயரைக் கத்திக்கொண்டே லாரிக்குப் பின்னால் ஓடுகிறாள். சுடுகிறார்கள். தெருவில் குப்புற விழுகிறாள். பூசைக்கு உதவும் பையனின் அங்கியோடு இருக்கும் மகன் அவள் மேல் விழுந்து அழுகிறான்.

இசையை ஏற்றி நம்மைத் தயார்ப்படுத்தவில்லை, அவளுக்குக் கடைசி வசனமும் இல்லை. நாயகியை முன்னறிவிப்பில்லாமல் பிடுங்கிக்கொண்டு படம் பாட்டுக்கு மேலே போகிறது. மிச்ச நேரம் முழுவதும் நாம் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஓடுற காட்சி நிஜமா நடந்ததா?

அதற்கு அடிப்படையான சம்பவம் நடந்தது. 1944 மார்ச் 3 அன்று ரோமின் ஜூலியோ செஸாரே சாலையில், பிடித்துச் செல்லப்பட்ட கணவரை நெருங்கப் போன தெரேசா குல்லாச்சே என்ற கர்ப்பிணி சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து பிள்ளைகளின் தாய். ரோம் அந்த ஆண்டு ஜூன் 4 அன்று விடுதலையானது. படப்பிடிப்பு 1945 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. அதனால் பார்த்தவர்களுக்கு அது வரலாறாக இல்லை, போன வருஷம் நடந்த சாவாகவே இருந்தது.

கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு, மின்சாரம் வரும் போகும், சினேசித்தா ஸ்டூடியோவில் அகதிகள் தங்கியிருந்தார்கள். காட்சியை எடுத்தது மோந்தேகுக்கோலி தெருவில்.

அந்த அலறல் அவங்க சொந்தக் குரலா? ஷூட்டிங்ல பதிவு பண்ணதா?

குரல் அவருடையது. ஆனால் படம் பிடித்தபோது ஒலிப்பதிவு இல்லை. அன்றைய இத்தாலிய வழக்கப்படி எல்லாவற்றையும் பின்னால் டப்பிங்கில் சேர்த்தார்கள். அதாவது தெருவில் ஓடி விழுந்தவர், பிறகொரு நாள் இருட்டறையில் மைக் முன்னால் நின்று, தன் உதட்டசைவைத் திரையில் பார்த்தபடி 'பிரான்செஸ்கோ!' என்று மறுபடி அலறியிருக்கிறார். மூச்சிரைப்பு உட்பட. 'அவர் நடிக்கவில்லை, வாழ்ந்தார்' என்று யாராவது ஆரம்பித்தால் நான் சொல்வது இதைத்தான்.

இந்தியாவுல யாராவது அப்பவே பார்த்தாங்களா?

1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி மதராஸ், டெல்லி, கல்கத்தா, திருவனந்தபுரம் என்று சுற்றியது. விழாவுக்கு வந்த இத்தாலியப் படங்களில் 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'மிராக்கிள் இன் மிலான்' இரண்டோடு 'ரோம், ஓப்பன் சிட்டி'யும் இருந்தது.

ரொசெல்லினி தலையில ஸ்பகெட்டியக் கொட்டினாங்களாமே?

கதை அப்படித்தான் ஓடுகிறது. இருவரும் காதலர்களாக இருந்த காலத்தில், இங்கிரிட் பெர்க்மனிடமிருந்து ரொசெல்லினிக்குக் கடிதம் வருகிறது. 'ரோம், ஓப்பன் சிட்டி'யும் 'பைசா'வும் பார்த்து நெகிழ்ந்து, ஸ்வீடிஷ் நடிகை ஒருத்தி தேவைப்பட்டால் நான் வருகிறேன், இத்தாலிய மொழியில் எனக்குத் தெரிந்தது 'உன்னைக் காதலிக்கிறேன்' மட்டும்தான் என்று 1948இல் பெர்க்மன் எழுதியது உண்மை. மான்யானி சாப்பாட்டு மேசையில் ஸ்பகெட்டியைக் கலந்துகொண்டே விசாரித்தார், பிறகு தட்டோடு அவர் தலையில் கவிழ்த்தார் என்பது கதை. எந்த ஓட்டல், எந்த ஊர் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறுகிறது. நான் அதை வதந்திக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

பெர்க்மனை இழுத்து வந்த படமே மான்யானி ஓடி விழுந்த படம் என்பதுதான் இதில் நிஜமாக வலிக்கும் இடம். அதை யாரும் கேட்பதில்லை, ஸ்பகெட்டியைத்தான் கேட்கிறார்கள்.

'எரிமலைச் சண்டை'ன்னு சொல்றது இதைத்தானா?

இதன் தொடர்ச்சி. சிசிலிக்கு வடக்கே எயோலியத் தீவுகள் இருக்கின்றன. 1949இல் ரொசெல்லினி அதில் ஒரு தீவுக்குப் பெர்க்மனோடு போய் 'ஸ்ட்ரோம்போலி' எடுத்தார். அந்தத் தீவுகளில் படமெடுக்கும் யோசனை பனாரியா ஃபிலிம் என்ற நிறுவனத்துடையது. கழற்றிவிடப்பட்ட அந்த நிறுவனம், கழற்றிவிடப்பட்ட மான்யானியை அழைத்து, வில்லியம் டீட்டர்லே இயக்கத்தில் பக்கத்துத் தீவிலேயே 'வுல்கானோ' எடுத்தது. ஒரே கோடை, கூப்பிடு தூரத்தில் இரண்டு எரிமலைப் படங்கள், நடுவில் படகில் பத்திரிகைக்காரர்கள்.

1950 பிப்ரவரி 2 அன்று ரோமில் 'வுல்கானோ' முதல் காட்சி. புரொஜெக்டர் படுத்துவிட்டது. அதே நாள் பெர்க்மனுக்கும் ரொசெல்லினிக்கும் மகன் பிறந்த செய்தி வர, நிருபர்கள் அரங்கை விட்டு மருத்துவமனைக்கு ஓடிவிட்டார்கள். இரண்டு படங்களில் 'ஸ்ட்ரோம்போலி'தான் மேல் என்பதை மான்யானியின் ரசிகனாக இருந்தும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவங்க படத்துக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் கேஸ் போச்சுன்னு கேள்விப்பட்டேன். என்ன விஷயம்?

1948இல் ரொசெல்லினி அவருக்காகவே எடுத்த படம் 'லாமோரே'. இரண்டு தனிக் கதைகள். முதலாவதில் ஒரே அறை, ஒரு டெலிபோன், விட்டுப்போகும் காதலனோடு கடைசியாகப் பேசும் ஒரு பெண். இரண்டாவது 'மிராக்கிள்'. மலையோரத்தில் ஆடு மேய்க்கும், புத்தி சற்றுப் பேதலித்த நன்னி, வழிப்போக்கன் ஒருவனை மரியாளின் கணவரான புனித சூசையப்பர் என்று நம்புகிறாள். அவன் மது கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். கருவுற்ற அவள் அது தெய்வக் குழந்தை என்கிறாள். ஊர் எள்ளி நகைக்கிறது, தலையில் தட்டைக் கவிழ்த்து ஊர்வலம் விடுகிறது. அவள் மட்டும் தனியாக மலையேறிக் கோயிலில் பிள்ளை பெறுகிறாள். அந்த வழிப்போக்கனாக முடிக்குப் பொன் சாயம் பூசி வருபவர், கதையை எழுதிய இளைஞர் ஃபெதெரிகோ ஃபெலினி.

நியூயார்க்கில் 1950 கடைசியில் படம் வந்தபோது கர்தினால் ஸ்பெல்மன் கண்டித்தார், மதநிந்தை என்று சொல்லி மாநிலம் உரிமத்தைப் பறித்தது. விநியோகஸ்தர் ஜோசஃப் பர்ஸ்டின் வழக்குப் போட்டார். 1952இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, சினிமாவுக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது. சினிமா வெறும் வியாபாரம் என்று 1915இல் சொன்ன தீர்ப்பு அதோடு போனது. அமெரிக்கத் தணிக்கை தளர ஆரம்பித்தது இந்த வழக்கிலிருந்துதான்.

தப்பா எடுத்துக்காதீங்க, பார்க்க அவ்வளவு அழகா இல்லையே. எப்படி ஸ்டார் ஆனாங்க?

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, அன்றைய தயாரிப்பாளர்களும் இதையே சொன்னார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம், எப்போதும் கலைந்த கருமுடி, குள்ளமான உருவம். ஒப்பனைக்காரரிடம் 'என் சுருக்கங்களை மறைக்காதே, ஒவ்வொன்றையும் சம்பாதிக்க எனக்கு ரொம்ப நாளாயிற்று' என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு பரவலாக உண்டு. சொன்னாரோ இல்லையோ, அவர் படங்களில் அந்தச் சுருக்கங்கள் அப்படியே இருக்கின்றன.

போர் முடிந்த ஊரில் ரேஷன் வரிசையில் நின்ற பெண்கள் திரையில் தங்களைப் பார்த்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். அது சரிதான். கூடவே அந்தச் சிரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொண்டையிலிருந்து ஆரம்பித்துத் தோள் குலுங்கி முடியும் சிரிப்பு. 1947இல் வெனிஸ் விழாவில் அவருக்குச் சிறந்த நடிகை விருது வாங்கித் தந்த 'ஆஞ்செலினா', கண்ணீர்ப் படமே அல்ல. குடிசைவாசிகளைத் திரட்டி வீடு கேட்டுச் சண்டை போடும் பெண்ணின் நகைச்சுவை கலந்த கதை.

'பெல்லிசிமா' பார்த்தேன். அதுல ஏன் கடைசியில காண்ட்ராக்ட்டை வேண்டாம்னு சொல்றா?

முதலில் படம் பார்க்காதவர்களுக்கு: விஸ்கோந்தி 1951இல் எடுத்தது. நோயாளிகளுக்கு ஊசி போட்டுப் பிழைப்பு நடத்தும் மத்தலேனா, தன் சின்னப் பெண்ணைச் சினிமாவில் சேர்க்கச் சேமிப்பையெல்லாம் கரைக்கிறாள். நாட்டியம், போட்டோ, தையல்காரி, இடைத்தரகன் எல்லோருக்கும் காசு. சினேசித்தாவில் நடிகர் தேர்வுக் காட்சியைப் போட்டுப் பார்க்கும்போது, அவள் புரொஜெக்டர் அறையின் சிறு ஜன்னல் வழியாக ஒளிந்து பார்க்கிறாள். திரையில் குழந்தை திணறி அழுகிறது. கீழே உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். அந்த ஜன்னலில் மான்யானி முகத்தைப் பாருங்கள், வார்த்தை கிடையாது. காண்ட்ராக்ட் அங்கேயே செத்துவிட்டது. பிறகு வீடு தேடி வந்த பணத்தை மறுப்பது வெறும் சம்பிரதாயம்.

இன்னொரு இடம்: கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டே, 'நடிப்பு என்பது என்ன? நான் இன்னொருத்தி என்று இப்போது நினைத்துக்கொண்டால்...' என்று தனக்குத்தானே பேசுவாள். வசனம் மத்தலேனாவுடையது. ஆனால் விஸ்கோந்தி யாரிடம் கேட்கிறார் என்பது தெளிவு.

ஆங்கிலமே தெரியாம எப்படி ஆஸ்கர் வாங்கினாங்க?

தெரியவே தெரியாது என்பது மிகை. டென்னசி வில்லியம்ஸ் 'தி ரோஸ் டாட்டூ' நாடகத்தை மான்யானியை மனதில் வைத்துத்தான் எழுதினார். 1951இல் பிராட்வேயில் மேடையேறியபோது, தினமும் ஆங்கிலத்தில் மேடையில் நிற்கத் தன்னால் முடியாது என்று அவர் மறுக்க, மோரீன் ஸ்டேபிள்டன் நடித்தார். இதற்கிடையில் ழான் ரெனுவார், வங்காளத்தில் 'தி ரிவர்' எடுத்து முடித்தபின், 'தி கோல்டன் கோச்' படத்தை சினேசித்தாவில் ஆங்கிலத்தில் எடுத்தார். அதில் பெரு நாட்டுக்கு வரும் நாடகக் குழுவின் நடிகையாக வருவது மான்யானி. ஆக, ஹாலிவுட்டுக்கு முன்பே ஆங்கிலத்தில் ஒரு முழுப் படம் செய்துவிட்டார்.

'ரோஸ் டாட்டூ'வின் செராஃபினா, அமெரிக்காவில் குடியேறிய சிசிலித் தையல்காரி. செத்துப்போன கணவனின் சாம்பலை வைத்துக் கும்பிட்டு, உள்பாவாடையோடு வீட்டில் அடைந்து கிடப்பவள். தடுமாறும் ஆங்கிலம் அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்திவிட்டது. கோபம் தலைக்கேறும்போது அவர் இத்தாலிய மொழிக்குத் தாவுவார், புரியாமலே புரியும். லாரி ஓட்டுநராக வரும் பர்ட் லான்காஸ்டர் பாவம், எவ்வளவு துள்ளினாலும் கண் இவர் மேலேதான் நிற்கிறது.

விருது வாங்க ஏன் போகல?

விழா நடந்த 1956 மார்ச் 21 அன்று அவர் ரோமில் இருந்தார். 48 வயது முடிந்து இரண்டு வாரம். அந்த ஆண்டு போட்டியில் கேதரின் ஹெப்பர்ன், சூசன் ஹேவர்ட், ஜெனிஃபர் ஜோன்ஸ், எலினார் பார்க்கர் இருந்தார்கள். மேடையேறி வாங்கியவர், அதே படத்தில் மகளாக நடித்த மரீசா பாவன். இவரும் துணை நடிகைக்காகப் பரிந்துரைக்கப்பட்டவர்.

அவ்வளவு பெரிய விருதுக்கு அப்புறம் ஏன் ஹாலிவுட்ல நிக்கல?

வாய்ப்பு வந்தது. ஜார்ஜ் கூகர் இயக்கிய 'வைல்ட் இஸ் தி விண்ட்' 1957இல் வந்தது. இன்னொரு ஆஸ்கர் பரிந்துரையும் பெர்லின் விருதும் கிடைத்தன. 1960இல் சிட்னி லூமெட்டின் 'தி ஃப்யுஜிடிவ் கைண்ட்', எதிரே மார்லன் பிராண்டோ. இதுவும் டென்னசி வில்லியம்ஸ் எழுதியதே. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, படமும் ஓடவில்லை. பிராண்டோ வசனத்தை வாய்க்குள்ளேயே மென்று இழுத்துப் பேசுவார். இரண்டாம் மொழியில் அடுத்த வரிக்குக் காத்து நிற்பவருக்கு அது நரகம்.

ஹாலிவுட்டில் ஐம்பது வயதுக்காரிக்கு, அதுவும் அந்நிய உச்சரிப்பு உள்ளவருக்கு, எத்தனை வேடம் இருந்துவிடும்? தவிர அவர் ரோமை விட்டு வாழக்கூடியவரும் அல்ல.

'டூ விமன்' முதல்ல இவங்களுக்கு வந்த படமா? சோபியா லாரனுக்கு விட்டுக் கொடுத்தாங்களா?

விட்டுக் கொடுக்கவில்லை, மறுத்தார். முதல் திட்டத்தில் மான்யானி தாய், லாரன் மகள். தன்னைவிட உயரமான, நாடே அழகி என்று கொண்டாடும் ஒருவரைத் தன் மகள் என்று காட்டுவதில் மான்யானிக்கு இஷ்டமில்லை. வேண்டுமானால் லாரனே தாயாக நடிக்கட்டும் என்று சொன்னதாகக் கூறுவார்கள். டி சிகா அப்படியே செய்தார். 25 வயதைத் தாண்டியிருந்த லாரன் தாயாக நடித்து ஆஸ்கர் வாங்கினார், ஆங்கிலமல்லாத மொழியில் நடித்து நடிப்புக்கான ஆஸ்கர் பெற்ற முதல் ஆள் ஆனார். மான்யானிக்கு இது நஷ்டம்தான். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

குழந்தைங்க உண்டா?

1942இல் பிறந்த ஒரே மகன். தந்தை நடிகர் மாஸ்ஸிமோ செராத்தோ. முன்னே சொன்ன 'ஒஸ்ஸெஸ்ஸியோனே' கைவிட்டுப் போனது இந்தக் கர்ப்பத்தால்தான். உறவு நிலைக்கவில்லை, மகனுக்கும் தன் குடும்பப் பெயரையே வைத்தார். ஒன்றரை வயதில் பையனுக்கு இளம்பிள்ளைவாதம் தாக்கியது. சுவிட்சர்லாந்தில் சிகிச்சை, செலவு, பிரிவு. 'ரோம், ஓப்பன் சிட்டி'யில் ஓடியபோது அவர் வீட்டில் இருந்த நிலைமை இது.

கடைசி வருஷங்கள்ல என்ன ஆனாங்க? படமே காணோமே.

1960களில் இத்தாலிய சினிமாவுக்கு வேறு முகங்கள் வேண்டியிருந்தன. அவர் மேடைக்குத் திரும்பினார். 1965இல் ஸெஃபிரெல்லி இயக்கத்தில் 'லா லூப்பா', அடுத்த ஆண்டு 'மெதெயா'. 1971இல் தொலைக்காட்சிக்காக அல்ஃபிரேதோ ஜன்னெத்தி எடுத்த படங்களைத் தவறவிடாதீர்கள், இசை என்னியோ மோரிகோனே. அதில் 'லா ஷாந்தோசா'வில் வயதான வெரைட்டிப் பாடகியாக, முதல் உலகப் போர் முனைக்குச் சிப்பாய்களை மகிழ்விக்கப் போவார். தேசியக் கொடியை உடுத்திக்கொண்டு மேடைக்கு வந்து பார்த்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குக் கை இல்லை, கால் இல்லை. தயாரித்து வந்த பாட்டு தொண்டையில் நின்றுவிடுகிறது. பிறகு ஒரு நாபோலிக் காதல் பாட்டை மெதுவாக எடுக்கிறார். நான்காவது கேள்வியில் சொன்ன அந்த மேடை அனுபவம் முழுவதும் இங்கே வந்து நிற்கிறது.

1972இல் ஃபெலினியின் 'ரோமா'வில் ஒரு நிமிடம் வருவார். இரவில் வீட்டு வாசலில் ஃபெலினி வழிமறித்து, நீங்கள்தான் இந்த ஊரின் அடையாளம் என்று அடுக்க, 'போய்த் தூங்கு ஃபெதெரிகோ, உன்னை நம்ப முடியாது' என்று கதவைச் சாத்துவார். அடுத்த ஆண்டு கணையப் புற்றுநோயால் இறந்தார். ரொசெல்லினி கடைசி நாட்களில் கூடவே இருந்தார். இறந்த அன்று இரவு தொலைக்காட்சியில், ஏற்கெனவே அறிவித்தபடி, நடிகர் மாஸ்த்ரொயானியோடு அவர் நடித்த '1870' ஓடியது. பாந்தியோன் பக்கத்துக் கோயிலில் இறுதிச் சடங்கு. தெருவை அடைத்து நின்ற ஜனம் சவப்பெட்டிக்குக் கைதட்டியது. முதலில் ரொசெல்லினி குடும்பக் கல்லறையில் வைத்து, பிறகு சான் ஃபெலிசே சிர்சேயோ ஊருக்கு மாற்றினார்கள்.

எதுல இருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

'பெல்லிசிமா'. சிரிப்பு, கோபம், அமைதி மூன்றும் அதில் இருக்கிறது. அடுத்து 'ரோம், ஓப்பன் சிட்டி', அப்புறம் 'மம்மா ரோமா'. 'ரோஸ் டாட்டூ'வை முதலில் பார்க்காதீர்கள், அங்கே அவர் சத்தம் கொஞ்சம் அதிகம்.

எல்லாப் படத்துலயும் கத்துறாங்க, கையை ஆட்டுறாங்க, தலை கலைஞ்சிருக்கு. ஒரே மாதிரிதானே நடிக்கிறாங்க? பசோலினியே குறை சொன்னாராமே?

முதல் பாதியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1950களின் பின்பாதியில் தயாரிப்பாளர்கள் அவரிடம் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டு வாங்கினார்கள், அவரும் கொடுத்தார். ஆனால் மேலே சொன்ன டெலிபோன் அறை, புரொஜெக்டர் ஜன்னல் இரண்டிலும் அவர் கத்தவில்லை. 'கோல்டன் கோச்'சில் பிரபுக்களின் நடையையே நையாண்டி செய்கிறார்.

பசோலினி விஷயம் சுவாரசியமானது. 1962இல் வந்த 'மம்மா ரோமா'வில் அவர் பாலியல் தொழிலை விட்டுக் காய்கறிக் கடை வைத்து, மகனைக் கௌரவமாக வளர்க்கத் துடிக்கும் பெண். பசோலினி நடிகரல்லாதவர்களை வைத்து, ஷாட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி எடுப்பவர். மேடையில் வளர்ந்த மான்யானிக்கு முழுக் காட்சியாக ஓடி வந்தால்தான் உணர்ச்சி ஏறும். படப்பிடிப்பில் இதைப் பற்றியே இருவரும் வாதாடினார்கள். பின்னாளில் பசோலினி, ஆள் தேர்வில் தான் செய்த ஒரே பிழை இது என்றார். காரணமும் சொன்னார். அவர் தொழில்முறை நடிகை என்பது பிரச்சினை இல்லை. நடுத்தர வர்க்கத்துப் பெண்ணாகவே நடிக்கச் சொல்லியிருந்தால் நன்றாக வந்திருக்கும், அடித்தட்டுப் பெண் நடுத்தர வாழ்க்கைக்கு ஏங்குவதாக நடிக்கச் சொன்னது தவறு, மான்யானி அப்படிப்பட்டவர் இல்லை என்றார்.

ஒரு பக்கம் 'தெருவிலிருந்து வந்தவர், தன்னைத்தானே நடித்தார்' என்கிறார்கள். இன்னொரு பக்கம் தெருவை நன்றாகவே அறிந்த பசோலினி, அவர் தெருக்காரியே இல்லை என்கிறார். கன்னியாஸ்திரீகள் பள்ளியும் பியானோவும் பசோலினி பக்கம்தான் சாட்சி சொல்கின்றன. அப்படியானால் பீனாவும் மத்தலேனாவும் நன்னியும் நடித்து உண்டாக்கியவர்கள். 'மம்மா ரோமா'வில் இரண்டு இரவு நடைகள் வரும். விளக்குகள் மட்டும் தெரியும் இருட்டில் அவர் பேசிக்கொண்டே நேராக நடந்து வருவார், ஆண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டு விலகிப் போவார்கள், ஷாட் வெட்டாமல் நீளும். முதலாவதில் தொழிலை விட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டு வருகிறார், இரண்டாவதில் மறுபடி அதே தெருவுக்கு வந்துவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரே மாதிரி நடிக்கிறாரா என்று நீங்களே சொல்லுங்கள்.